மலையடிவாரத்தில் துரை சொன்னது

துரை பேசியது மொத்தம் ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம்தான். அதற்கு முன்னால் யுத்தக் கமிட்டித் தலைவர் பேசினாரே, அதுதான் பேச்சு! கொட்டகையின் நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. நம் செட்டில் மிச்சம் இருக்கிறவர்கள் யாராவது அன்றைக்கு அங்கே வந்திருந்தால் சொல்லுங்கள், நான் கூட்டிச் சொல்கிறேனா என்று. எனக்குத் தெரிந்து அங்கே வந்த பிள்ளைகள் எல்லாம் மிலிட்டரிக்காரன் கொடுத்த பிஸ்கட்டை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பேச்சை யார் கேட்டது? நான் கேட்டேன். கேட்டே ஆகவேண்டிய காரணம் எனக்கு இருந்தது.

இப்போது ராஜபாளையத்தில் அந்த இடத்தைத் தேடிப் போகாதீர்கள். சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, அங்கே புதைத்திருந்தவர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்து மதராசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு மாந்தோப்பு ஆனது. போன தடவை போனபோது தோப்பும் இல்லை, பிளாட் போட்டு மஞ்சள் கல் நட்டிருந்தான். காரை ஓட்டிய பேரன், "இங்க என்ன பாட்டி பாக்கீங்க?" என்றான். ஒன்றுமில்லை, வண்டியை எடு என்றேன். அவனுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்களுக்கு என்றால் ஆரம்பிக்கலாம். பர்மாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மலைக்காற்று சீக்காளிக்கு நல்லது என்று யார் சொன்னார்களோ, ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓலைக் கொட்டகைகள் போட்டு ஒரு மிலிட்டரி ஆஸ்பத்திரி வைத்திருந்தார்கள். முன்விளக்கில் பாதிக்குக் கறுப்புச் சாயம் அடித்த லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். வெள்ளைக்காரன், வடக்கத்தியான், கன்னங்கரேலென்று ஆப்பிரிக்காக்காரன் என்று எல்லா நிறத்திலும் ஆட்கள் படுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது லாரி காலியாக வரும். மலேரியாக் காய்ச்சலில் செத்தவர்களை எரிக்க வேண்டியவர்களை எரித்தார்கள், புதைக்க வேண்டியவர்களைக் கொட்டகைக்குப் பின்னாலேயே புதைத்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் வாரம் ஒரு நாள் கொயினா தண்ணீர் கொடுத்தார்கள். அந்தக் கசப்பு இன்றைக்கும் நாக்கின் அடியில் இருக்கிறது, சத்தியமாக.

எங்கள் வீட்டில் அப்பா மில்லில் ஃபிட்டர். அவர் வீட்டுக்குள் நுழையும்போது எண்ணெய் வாடையும் பஞ்சு வாடையும் சேர்ந்து நுழையும். அம்மா, நான், அம்மாவுடைய தங்கை. அந்தச் சித்தியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். சித்தப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மதுரைக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு பஸ் ஓட்டச் சொன்னதும், "இதுக்கு மிலிட்டரி லாரியே ஓட்டலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மலாயாவுக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூர் விழுந்த பிறகு ஒரு தந்தி வந்தது. காணவில்லை. அவ்வளவுதான், அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

சித்தி ஒன்றும் மூலையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிறவள் அல்ல. நல்ல வாயாடி. கல்யாணமான புதிதில் சித்தப்பா ஓட்டுகிற பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து மதுரைக்கும் ஊருக்குமாகப் போய்வந்திருக்கிறாள். அதனால் வண்டிச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. தெருவில் மிலிட்டரி லாரி போனால் அடுப்படியிலிருந்தே சொல்லுவாள்: "இவன் கியர் போடத் தெரியாத பய. ரெண்டுல இருந்து மூணுக்கு மாத்த எம்புட்டு நேரம்!" சில லாரிகள் போகும்போது மட்டும் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். அது ஒழுங்காக ஓட்டுகிறவன் லாரி. அது தெருமுனை தாண்டிப் போகும் வரை ஒன்றும் பேசமாட்டாள்.

அவளுடைய பாடு என்னவென்றால், அவளை என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கும்பாவோடு நிற்கிற பெண்ணுக்கு, சித்தியைக் கண்டதும் கை பாதியில் நின்றுவிடும். நீட்டினால் ஒரு தப்பு, நீட்டாவிட்டால் ஒரு தப்பு. சித்தியே கையை விட்டுச் சந்தனத்தை எடுத்துக்கொண்டு, "இன்னும் செத்த நேரம் யோசிச்சேன்னா காஞ்சிரும்" என்பாள். அந்தப் பெண் அசடு வழிய நிற்கும். வீட்டுக்கு வந்த பிறகு சித்தி சாப்பிடமாட்டாள்.

ஆனால் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, அதுதான் வேடிக்கை. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா குறி கேட்டு வந்து, "உன்னாடம்மா, உன்னாடு" என்று அடித்துச் சொன்னாள். உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். தாலுகா ஆபீஸ்காரர், "ஜப்பான்காரன் கையில சிக்கினவன் எவன் மிச்சம்?" என்றார். எங்கள் மாதாகோயில் சாமியார், "ஆண்டவர் சித்தம், ஆத்துமத்துக்காக வேண்டிக்கோ" என்றார். அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. சகலை போய்ச் சேர்ந்துவிட்டான், இவள் எத்தனை நாள்தான் இப்படி இருப்பாள் என்பது அவர் கவலை. மில்லில் பெண்சாதியை இழந்த மேஸ்திரி ஒருவர் இருந்தார், தங்கமான மனுஷர். ஆனால் புருஷன் செத்தது உறுதியாகாமல் எங்கள் கோயிலில் மறுகல்யாணம் முடியாது. அப்பா கெட்டவர் இல்லை. அதை நான் இப்போதும் சொல்வேன்.

இந்த நேரத்தில்தான் பெரிய துரை வருகிறார் என்ற செய்தி வந்தது. பர்மாப் பக்கத்துப் பட்டாளத்தில் பெரிய பதவியில் இருக்கிறவராம். மலையடிவாரத்துக் கல்லறைகளுக்குச் சுற்றுவேலி கட்டி, அதைப் பட்டாளத்துக் கல்லறைத் தோட்டமாக அவர் கையால் அர்ப்பணம் செய்யப்போகிறாராம். இந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போய்ச் செத்தவர்களின் வீட்டுப் பெண்களை முன் வரிசையில் உட்காரவைக்க வேண்டும், முதல் பூவை அவர்கள்தான் வைக்க வேண்டும் என்று தாலுகா ஆபீஸ் சொல்லியனுப்பியது. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியிலிருந்து ஒரு தாய், மகாராஜபுரத்திலிருந்து ஒரு பெண், இன்னும் இரண்டு மூன்று பேர். எங்கள் சித்தி பெயரையும் சாமியார் கொடுத்துவிட்டார்.

அப்பா சித்தியிடம் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். "ஏ பிள்ள, சும்மா பூ வைக்கத்தான். வேற ஒண்ணும் இல்ல."

"வாரேன் அத்தான்" என்றாள் சித்தி, உடனே. அப்பாவுக்கே நம்பமுடியவில்லை. அம்மா அன்று மாலையே போய் ஒரு வெள்ளைச் சேலை எடுத்துவந்து பெட்டிக்கு மேல் வைத்தாள்.

சித்தி ஏன் உடனே சரி என்றாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். மறுநாள் கிணற்றடியில் எனக்குத் தலை தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, சண்டைய நடத்துத ஆளு அவருதான?"

"ஆமாமா. பெரிய துரைன்னா பின்ன?"

"அப்ப அவருக்குத் தெரியும்லா, யாரு இருக்கா, யாரு இல்லன்னு. அவர்ட்டயே கேட்டுருதேன். இருக்காருன்னு சொன்னா இருக்கேன். இல்லன்னா உங்கம்மா எடுத்தாந்த சேலையக் கட்டிக்கிடுதேன். நீ எனக்கு இங்கிலீஷ்ல சொல்லித் தா."

"துரை பேசுறத கோர்ட்டு மாமாதான் தமிழ்ல சொல்லப்போறாவ. அவியள்ட்டச் சொன்னா கேட்டுச் சொல்வாவல்ல?"

"நடுவுல ஒரு ஆளு வந்தா அந்த ஆளு பேச்சுதான்ட்டி நிக்கும். நானே கேக்கணும்."

நான் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாங்கிளாஸ். வேர் இஸ் மை புக், வேர் இஸ் மை கேட் எல்லாம் தலைகீழாகத் தெரியும். புருஷனுக்குத்தான் என்னவென்று தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் பூனைக்கும் பசுவுக்கும்தான் இடமிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் சொந்தம் ஒன்றுமில்லை, அப்பாவுடைய சிநேகிதர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வெள்ளைக்கார ஜட்ஜுக்குச் சாட்சிகள் சொல்வதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்கிற வேலை. நாங்கள் கத்தோலிக்கர், அவர் சபைக்காரர், புராட்டஸ்டண்ட். எங்கள் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார், ஆனால் எங்கள் வீட்டில் மீன்குழம்பு என்றால் பஸ் பிடித்து வந்துவிடுவார். கையில் தொன்னையில் பால்கோவா இருக்கும். நான் அதை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"மாமா, புருஷனுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"அடி சக்கை! இப்பமே எதுக்குட்டி ஒனக்கு?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சொன்னார். ஹஸ்பண்ட்.

அந்த வாரம் முழுக்க எங்கள் அடுப்படியில் இதுதான் பாடம். உளுந்து ஆட்டும்போது, சுளகில் அரிசி புடைக்கும்போது, சித்தியின் உதடு அசைந்துகொண்டே இருக்கும். "சார், வேர் இஸ் மை ஹஸ்பண்ட்?" முதலில் வாய் வழுக்கியது. பிறகு என்னைவிட நன்றாகச் சொன்னாள். அம்மா, ஏதோ ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சித்தப்பா வரவில்லை. கடைசியில் தகரப்பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். நானே எத்தனையோ வருஷம் அப்படிக் காத்திருந்தேன், அது போதும்.

அர்ப்பணத்தன்று காலையில் வீட்டில் ஒரே ரகளை. அம்மா வெள்ளைச் சேலையை விரித்து வைத்திருக்க, சித்தி மாம்பழக் கலர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பிச்சிப்பூவோடு வெளியே வந்தாள்.

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? அங்க எல்லாரும் என்ன நினைப்பாவ?"

"பூ வைக்கத்தான கூப்பிட்டாவ? வைக்கேன். செத்தது உறுதியாகட்டும் அக்கா, அதக் கட்டுதேன். நானே கட்டுதேன்."

அம்மா அழுதாள். அப்பா வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

கல்லறைத் தோட்டம் எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா? செம்மண்ணைப் பெருக்கி, கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, ஒரே அளவான மரச்சிலுவைகளை வரிசையாக நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் பெயர் எழுதியிருந்தது. கடைசி வரிசை ஓரத்தில் மூன்று சிலுவைகளில் மட்டும் எழுத்து இல்லை. பர்மாவிலிருந்து வந்த சீக்காளிகள், பெயர் பொறித்த கழுத்துத் தகடு தொலைந்து, பெயர் சொல்லும் அளவுக்கு நினைவு திரும்பாமலே செத்துப்போனவர்கள் என்று எங்கள் பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி ஆயா சொன்னாள். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. கீழே மட்டும் வெயில் சுட்டது.

முன் வரிசையில் வெள்ளைச் சேலைகளுக்கு நடுவே சித்தி மாம்பழக் கலரில் உட்கார்ந்திருந்தாள். தாசில்தார் அப்பாவைப் பார்த்து முறைத்தார். யுத்தக் கமிட்டித் தலைவர் எழுந்து ஜெர்மனியில் ஆரம்பித்து, ஜப்பானுக்கு வந்து, சரித்திரத்தில் வந்த வீரர்கள் பெயரையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள், மகாராஜபுரத்துப் பெண் மடியில் இருந்த குழந்தை இரண்டு தடவை தூங்கி எழுந்தது.

பிறகு துரை எழுந்தார். நான் மீசையும் பதக்கமுமாகப் பெரிய ஆளை எதிர்பார்த்திருந்தேன். இவர் ஒல்லியாக, கழுத்துச் சுருங்கி, எங்கள் மில் வாட்ச்மேன் உடம்புவாகில் இருந்தார். குரலும் பெரிதில்லை. கொஞ்சம் பேசிவிட்டு நிறுத்துவார், கோர்ட்டு மாமா தமிழில் சொல்லுவார். மாமாவுக்குக் கோர்ட்டுப் பழக்கம் விடுமா? "மேற்படி இடத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்கள்" என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் போகப்போக அவர் குரலே மாறிவிட்டது.

துரை சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறவரை இவ்வளவுதான். இங்கே கிடக்கிறவர்கள் குண்டடிபட்டுச் சாகவில்லை, காய்ச்சலில் செத்தார்கள். காய்ச்சலில் செத்தவனுக்குப் பதக்கம் கிடையாது. இது யாருடைய சண்டை என்று உங்களுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது, அது எனக்குத் தெரியும், அதற்கு இன்றைக்கு நான் பதில் சொல்ல வரவில்லை. இவர்கள் வீட்டார் யாரும் இங்கே இல்லை. இந்த வேலியை நான் கட்டிவிட்டேன், ஆனால் நான் போய்விடுவேன், என் பட்டாளமும் ஒருநாள் போய்விடும். அதற்குப் பிறகு இவர்கள் உங்கள் ஊர் ஆட்கள்.

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. யுத்தக் கமிட்டித் தலைவர் இன்னும் ஏதாவது வரும் என்று வாயைத் திறந்தபடி இருந்தார்.

பிறகு பெண்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பூ வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் துரை சல்யூட் அடித்தார். புதுப்பட்டித் தாய் சல்யூட்டைப் பார்த்துப் பயந்து இரண்டடி பின்னால் போனாள். கடைசியாகச் சித்தி. பூவை வைத்தாள். துரை கையைத் தூக்கப் போனபோது நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார். வேர் இஸ் மை ஹஸ்பண்ட்?"

ஒரு பிழை இல்லை. கணீரென்று கேட்டாள். துரையின் கை பாதியில் நின்றது. தொப்பியைக் கழற்றினார். அவர் அவளுடைய சேலையைப் பார்த்தார், கழுத்துத் தாலியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஐ டோன்ட் நோ." கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, "ஐ டோன்ட் நோ, மேடம். ஐ ஆம் சாரி."

எனக்கு வேறு எந்த இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அது தெரியும். சிஸ்டர் கேள்வி கேட்டால் நாங்கள் தினமும் சொல்லுகிற பதில் அதுதான். தெரியாது.

கூட்டம் மொத்தமும் கோர்ட்டு மாமாவைப் பார்த்தது.  மாமா அப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு கோர்ட்டுக் குரலில் உரக்கச் சொன்னார்: "உன் புருஷன் வீரமாகப் போரிட்டு உயிர்த்தியாகம் செய்தான் அம்மா என்று துரை அவர்கள் சொல்கிறார்கள். வருத்தம் தெரிவிக்கிறார்கள்."

அவ்வளவுதான், பெண்கள் ஓவென்று எழுந்து வந்து சித்தியைக் கட்டிக்கொண்டார்கள். அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். துரை ஒன்றும் புரியாமல் மாமாவைப் பார்த்தார். பியூகிள் ஊதினார்கள். அந்த அழுகைக்கு நடுவே சித்தி ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது மாட்டுவண்டியில் நானும் அவளும் பின்னால் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். நான் அவள் காதில் சொன்னேன்.

"சித்தி, மாமா பொய் சொல்லுதாவ. துரை தெரியாதுன்னுதான் சொன்னாரு. ரெண்டு தரம் சொன்னாரு."

சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அதான பாத்தேன். செத்துட்டான்னு சொல்லுத மூஞ்சி அப்படி இருக்காதுட்டி." வண்டி எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது, "எம்புட்டுப் பேருட்டக் கேட்டுட்டேன். அந்த ஒரு மனுசன்தான் தெரியாதுன்னு சொல்லிருக்காரு" என்றாள்.

வீட்டில் நான் சும்மா இருப்பேனா? அப்பாவிடம் போய்க் கத்தினேன். அவர், "அஞ்சாங்கிளாசு படிச்சிட்டு கோர்ட்டு மாமாவுக்கு இங்கிலீஷ் சொல்லித் தாறியோ? வாயப் பொத்து!" என்றார். அவருக்கு நான் சொன்னது காதில் விழவே இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் நிம்மதியாக இருந்தார். இத்தனை காலம் தொண்டையில் நின்றது ஒரு வழியாக இறங்கிவிட்டது அவருக்கு. பெரியவர்களுக்கு இரக்கம் வந்துவிட்டால் யார் சொல்வதும் கேட்காது.

அடுத்த திங்கட்கிழமை கோயிலில் சித்தப்பாவுக்காகப் பூசை என்று முடிவானது. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தாலி இறக்குவது. சித்தி எதற்கும் மறுத்துப் பேசவில்லை. கேதம் கேட்க, துக்கம் விசாரிக்க என்று வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்! வந்தவர்கள் ஒப்பாரியை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். நான் அவளிடம், "நீ ஏன் சித்தி சொல்ல மாட்டேங்கே?" என்று பிடுங்கினேன்.

"நான் சொன்னா யாரு கேக்கா? பைத்தியம் பிடிச்சிட்டும்பாவ. மாத்திச் சொன்ன வாயிதான்ட்டி திருப்பிச் சொல்லணும்."

திங்கட்கிழமை காலை. நம் கோயில்களில் அந்தக் காலத்துச் சாவுப் பூசை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உடல் கிடைக்காவிட்டால் நடுக்கோயிலில் தூம்பாவை வைப்பார்கள். சவப்பெட்டி அளவில் ஒரு மரச்சட்டம், மேலே கறுப்புத் துணி, நடுவில் வெள்ளைச் சிலுவை, இரு பக்கமும் மஞ்சள் மெழுகுதிரிகள். உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் சிறுபிள்ளைகள் எங்களுக்கு அதற்குப் பக்கத்தில் போகவே பயம். கோயில் நிறைந்திருந்தது. கோர்ட்டு மாமாவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சபைக்காரர் ஆனதால் உள்ளே வராமல், தலைவாசலுக்கு வெளியே குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

சித்தி அதே மாம்பழக் கலர்ச் சேலையில் வந்தாள். அம்மாவின் கையை விடுவித்துக்கொண்டு, தூம்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கறுப்பு உடுப்பில் வெளியே வந்த சாமியார் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சாமி, ஆரம்பிக்கதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும். இந்தத் தூம்பாக்குள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா. ஒம் புருஷன் ஞாபகத்துக்கு."

"அவிய செத்துட்டாவன்னு யாரு சொன்னா?"

"துரையே சொன்னாரேம்மா. ஊரே கேட்டுச்சே."

சித்தி வாசலைப் பார்த்துத் திரும்பினாள். "அண்ணாச்சி, செத்த உள்ள வாங்க."

மொத்தக் கோயிலும் திரும்பியது. மாமா குடையைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. அதை எடுக்காமலே செருப்பைக் கழற்றிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் கோயில் வாசற்படியைத் தாண்டி வந்தார். சித்தி கோபமாகப் பேசவில்லை. சொந்த அண்ணனிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"நீங்க கோர்ட்டுல தெனமும் அடுத்தவங்க பேச்ச எடுத்துச் சொல்லுத ஆளு. ஒங்க வார்த்தைய வச்சு எத்தன பேரு உள்ள போயிருக்கான், எத்தன பேரு வெளிய வந்துருக்கான். துரை என்ன சொன்னாரு அண்ணாச்சி?"

மாமா தூம்பாவைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை.

"தெரியாதுன்னு சொன்னாரும்மா" என்றார். "ரெண்டு தரம் சொன்னாரு. நாந்தான் மாத்திச் சொன்னேன். ஒரு சின்னப் பொண்ணு இப்படி ரெண்டுங்கெட்டானா நடுவுல நிக்கியேன்னு மனசு கேக்கல. என்ன மன்னிச்சிரு தாயீ."

"நடுவுல நிக்கது நாந்தான அண்ணாச்சி? கால் வலிச்சா நான் சொல்லுதேன்."

அப்பா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். சாமியார் கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு, தூம்பாவை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். அவன் மெழுகுதிரியை அணைக்கப் போனபோது சித்தி தடுத்தாள்.

"எடுக்காண்டாம் சாமி. எல்லாரும் வந்துட்டாவ, திரியும் ஏத்தியாச்சு. மலையடிவாரத்துல பேரில்லாம மூணு பேரு கெடக்காவ. இந்தப் பூசைய அவியளுக்கு வைங்க."

"அவங்க நம்ம வேதத்துல உள்ளவங்கதானான்னு யாருக்குத் தெரியும்மா?"

"தெரியாதுல்லா? அப்ப வைக்கலாம். அவிய வீட்டுல இந்நேரம் எவ எந்த வண்டிச் சத்தத்துக்குக் காது குடுத்துக்கிட்டு இருக்காளோ. அவிய வீட்டாளு ஒண்ணும் இங்க இல்ல. பந்தத்துக்கு நான் இருக்கேன்."

சாமியார் பீடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் தோள் ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது. பிறகு லத்தீனில் பூசையை ஆரம்பித்தார்.

சித்தி தூம்பாவின் கால்மாட்டில், செத்தவர் வீட்டுப் பெண் உட்காருகிற இடத்தில், தரையில் உட்கார்ந்தாள். முதலில் சும்மாதான் இருந்தாள். பிறகு கறுப்புத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஐயோ, அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன்! "ஏ ராசா, ஒம் பேரு என்னய்யா, ஒன்னப் பெத்தவ எங்க இருக்கா, ஒனக்குத் தண்ணி குடுத்தது யாரய்யா" என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். சாமியார் குரல் அதில் அமுங்கிப்போனது. அவர் நிறுத்தவும் இல்லை, அவளை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

முதலில் எழுந்து போனது அம்மாதான். பக்கத்தில் உட்கார்ந்து தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவளும் சேர்ந்து அழுதாள். பிறகு மற்றப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து, முறைப்படி, சித்தியின் கையைப் பிடித்துக் கேதம் கேட்டார்கள். மாமா பூசை முடிகிறவரை நடுக்கோயிலிலேயே கைகட்டி நின்றார். சித்தியின் கழுத்தில் தாலி கிடந்தது, உடம்பில் கலர்ச் சேலை இருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை.

அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த அழுகை முழுவதையும் அவள் அன்றைக்கு முகம் தெரியாத அந்த மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டாள். சித்தப்பாவுக்காக அவள் சாகிறவரை அழவில்லை.